வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் சிட்னியிலிருந்து வந்த 32 தட்டுகளும்

கிழக்கேகோட்டையில் மாலை வேளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது பக்கத்துப் பெட்டிக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு முள்ளைத் திருப்புவார். நடுவில் ஓரிரு விநாடி வெறும் இரைச்சல் கேட்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்த பாட்டு வந்தால் சரி.

அந்த இரைச்சலில் பெரும்பகுதி ரேடியோப் பெட்டிக்குள்ளும் ஊரின் மின்சாரக் கம்பிகளிலும் பிறப்பது. ஒரு பங்கு நம்முடைய பால்வீதி மண்டலத்திலிருந்து வருவது. அதற்கும் அடியில், பல ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லும்படியான நுண்ணிய அளவில், 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்ட ஓர் அலை கலந்திருக்க வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்தில் ஹைட்ரஜன் வாயு அனுப்பிய அலை அது. பண்பலை வானொலிகள் ஒலிக்கும் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதே வரிசையிலும் அது வந்து சேருகிறது.

ஆகாயத்திலிருந்து வரும் இத்தகைய ரேடியோ ஒலிகளை இந்தியாவும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஒரு தமிழர். அதற்கு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கடல் கடந்து அனுப்பினார். கருவிக்கும் வழி பிறந்தது. ஆனால் அந்தக் கருவி ஆகாயத்தைப் பார்த்து வரிசையாக நிமிர்ந்து நிற்பதைக் காண அவர் இருக்கவில்லை. அவர்தான் சர் கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவு என்றவுடன் ராமனுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வரும் அதே கிருஷ்ணன்.

மலையடிவாரத்துப் பையன்

காரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ல் அன்றைய ராமநாதபுரம் ஜில்லா வத்திராயிருப்பில் பிறந்தார். இப்போது அந்த ஊர் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்; மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். தகப்பனார் விவசாயி, தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி உள்ளவர். அந்த இரண்டு மொழிகளின் ருசியும் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது, கடைசிவரை விடவில்லை.

பள்ளிப் படிப்பு வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அப்புறம் சென்னை கிறிஸ்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை. பட்டணத்துக்குள்ளேயே எஸ்பிளனேடில் இருந்தது. அங்கே பௌதிகத்தில் தேறியவருக்கு அதே கல்லூரியில் கிடைத்த உத்தியோகம் ரசாயனத்தில் டெமான்ஸ்டிரேட்டர். படித்தது ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று என்று சலித்துக்கொள்ளாமல் அதையும் அவர் திறம்படச் செய்தார். மத்தியான்னச் சாப்பாட்டு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். கணிதமோ பௌதிகமோ ரசாயனமோ, எதைக் கேட்டாலும் விளக்கம் கிடைக்கும். வேறு கல்லூரி மாணவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள்.

1920-ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். காரணம் சி. வி. ராமன். நிதி இலாகாவில் கணக்கு அதிகாரியாக இருந்துகொண்டே, ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் போபஜார் தெருவில் இருந்த விஞ்ஞானச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தவர் ராமன். 1917-ல் அந்தப் பெரிய சம்பளத்தை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவரிடம் போய்ச் சேர்வது என்பது அன்றைய இளைஞர்களுக்குப் பெரிய கனவு. கிருஷ்ணனின் தமிழ்நாட்டு வாசம் அத்தோடு முடிந்தது. கல்கத்தா, டாக்கா, மறுபடி கல்கத்தா, அலகாபாத், டில்லி என்று மீதி நாற்பது வருஷமும் வெளி மாகாணங்களில்தான்.

ஒளியும் காந்தமும்

1928 தொடக்கத்தில் ராமனும் கிருஷ்ணனும் செய்த சோதனை உலகப் பிரசித்தம். தூசி இல்லாமல் சுத்தம் செய்த திரவத்தின் வழியே வெளிச்சத்தைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்று கண்டார்கள். ஆரம்பத்தில் விளக்குகூட இல்லை. சூரிய வெளிச்சமே போதுமானதாக இருந்தது. சுமார் 60 திரவங்களைப் பார்த்தார்கள். பிப்ரவரி 28-ல் முடிவு தெளிவாயிற்று. இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் மார்ச் 31-ல் வெளியான கட்டுரையில் இரண்டு பெயர்களும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. பரிசு பெற்றபோது ராமன் தம் உரையில் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லத் தவறவில்லை. பரிசு பங்கிடப்பட்டிருக்க வேண்டுமா என்ற விவாதம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. அதற்குள் புகுந்தால் இந்தக் கதை வேறு வழியில் போய்விடும்.

பரிசுச் செய்தி வருவதற்கு முன்பே கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ரீடராகப் போய்விட்டார். அங்கே பௌதிகத் துறைக்குத் தலைவர் சத்யேந்திரநாத் போஸ். டாக்காவில் கிருஷ்ணன் கையில் எடுத்துக்கொண்ட விஷயம் காந்தம். இரும்புக் காந்தம் அல்ல. படிகங்களுக்குள் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு காந்தத் தன்மை கொண்டிருக்கிறது, ஒரு திசையில் அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் இருப்பது ஏன் என்ற ஆராய்ச்சி. ஒரு சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிட்டு, இழையை முறுக்கி, எந்த முறுக்கில் படிகம் சட்டென்று திரும்பிவிடுகிறது என்று பார்ப்பார். விலையுயர்ந்த எந்திரம் ஒன்றும் தேவையில்லாத இந்த முறை உலகம் முழுவதும் பரவியது. 1933-ல் கல்கத்தாச் சங்கத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். 1937-ல் ரூதர்போர்டு, பிராக் ஆகிய பெரியவர்கள் அழைக்க, கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் தம் காந்த ஆராய்ச்சி பற்றி விரிவுரை நிகழ்த்தினார். 1940-ல் எஃப். ஆர். எஸ்., 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, 1946-ல் சர் பட்டம்.

சுதந்திரம் வந்த ஆண்டில் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலைக்கு முதல் டைரக்டரானார். 1948-ல் அமைக்கப்பட்ட அணுசக்திக் கமிஷனில் பாபா, பட்நாகர், கிருஷ்ணன் என்று மூவரே அங்கத்தினர்கள். இத்தனை ஃபைல்களுக்கு நடுவிலும் தாமே உட்கார்ந்து கணக்குப் போடுவதை அவர் விடவில்லை.

ஒரு குட்டிக் காந்தத்தின் குட்டிக்கரணம்

கிருஷ்ணன் டைரக்டராக இருந்த அந்த நாட்களில் ஆகாய விஞ்ஞானத்தில் ஒரு புதுச் செய்தி வந்தது. அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் அவர் ஏன் அதில் மனதைப் பறிகொடுத்தார் என்பது புரியும்.

பிரபஞ்சத்தில் மிக அதிகமாக இருப்பது ஹைட்ரஜன். அந்த அணுவுக்குள் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், வேறொன்றும் கிடையாது. இரண்டுமே குட்டிக் காந்தங்கள் போன்றவை. இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் நிலையிலிருந்து, ஒன்று மட்டும் தலைகீழாகத் திரும்பினால், 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு ரேடியோ அலை வெளிப்படும். தனியாக விடப்பட்ட ஒரே ஓர் அணுவில் இது நடக்கச் சராசரியாக ஒரு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஆகாயத்தில் ஹைட்ரஜனுக்குக் கணக்கேது? ஒவ்வொரு கணமும் எங்கேயோ எண்ணற்ற அணுக்கள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இருக்கின்றன. டச்சுக்காரரான வான் டி ஹுல்ஸ்ட் 1944-ல் இதைக் கணித்துச் சொன்னார். 1951-ல் அமெரிக்காவில் ஈவனும் பர்செல்லும் இந்த அலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஹாலந்தும் ஆஸ்திரேலியாவும் அதை உறுதி செய்தன.

வாழ்நாளில் பாதியைப் படிகத்துக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்களோடு கழித்தவர் கிருஷ்ணன். டில்லியிலும் அவர் ஓர் இளைஞரிடம் கொடுத்திருந்த வேலை இதற்கு அண்ணன் தம்பி உறவு: யுத்தத்தில் மிஞ்சிய ராடார் சாமான்களைக் கொண்டு 3 சென்டிமீட்டர் அலையை உண்டாக்கி, அதனால் படிகத்திலுள்ள எலெக்ட்ரான் காந்தங்களைத் திருப்பிப் பார்க்கும் கருவி. அந்த இளைஞர் கோவிந்த் ஸ்வரூப். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு 1950-ல் வேலைக்கு வந்தவர்.

சிட்னியில் கண்டது

1952 ஆகஸ்டில் சர்வதேச ரேடியோ விஞ்ஞானச் சங்கத்தின் மகாசபை சிட்னியில் கூடியது. கிருஷ்ணன் போனார். யுத்த காலத்தில் ராடார் கட்டிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர்கள், யுத்தம் முடிந்ததும் அதே திறமையை ஆகாயத்தின் பக்கம் திருப்பியிருந்தார்கள். பாஸி என்பவர் தலைமையில் அங்கே ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணாடி வைத்த தொலைநோக்கியில் பார்க்க முடியாதவற்றைக் கம்பியும் தகரமும் கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணக்கார தேசத்துப் பிரம்மாண்டம் எதுவும் அதில் இல்லை என்பதைக் கிருஷ்ணன் கவனித்திருக்க வேண்டும். இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு உலகப் புகழ் பெற்றவரின் கண்ணில் அது படாமல் போகுமா?

டில்லி திரும்பியதும் ஆராய்ச்சிசாலையில் ஒரு கூட்டம் கூட்டி, தாம் பார்த்ததை விவரித்தார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்வரூப் நேரே லைப்ரரிக்குப் போய் ஆஸ்திரேலியர்களின் கட்டுரைகளை எல்லாம் தேடிப் படித்தார். அவரையும் கோடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பார்த்தசாரதியையும் கொழும்புத் திட்ட உதவியில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு 1953-ல் சிட்னிக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று.

சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்ற நீர்த்தேக்கக் கரையில் கிறிஸ்டியன்சன் என்ற விஞ்ஞானி 32 தட்டுகளை வரிசையாக நிறுத்திச் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் ஆறடி அகலம். அவை வாங்கிய அலையும் 21 சென்டிமீட்டர்தான். 1955 வாக்கில் அதைவிடப் பெரிய வரிசை ஒன்று கட்டப்போவதால் பழைய தட்டுகள் வேண்டாத சாமான் ஆகும் நிலை. அவற்றை இந்தியாவுக்குக் கொடுக்கலாமே என்று ஸ்வரூப் பாஸியிடம் கேட்டார். பாஸி சம்மதித்தார். டில்லியில் கிருஷ்ணனும் சம்மதித்தார். தட்டுகள் இலவசம்.

சரக்குக் கட்டணம்

சாமான் இலவசம் என்றால் போதுமா? கப்பல் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. தொகை என்னவோ சில நூறு பவுன்தான். ஆனால் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடான காலம். நீங்களே அனுப்பி வையுங்கள் என்று இங்கிருந்து கடிதம் போக, வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வர, காகிதம் மட்டும் கடல் தாண்டிக்கொண்டிருந்தது. பார்சல் ஆபீஸில் பாக்கித் தொகைக்காகத் தேங்கிக் கிடக்கும் மூட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

1955-ல் பயிற்சி முடிந்து டில்லி திரும்பிய ஸ்வரூப் தட்டுகளுக்காகக் காத்திருந்தார். ஆராய்ச்சிசாலையில் ஒரு சின்னக் குழுவும் அமைந்தது. தட்டுகள் வரவில்லை. 1956-ல் ஸ்வரூப் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். குழுவில் வேறு சிலரும் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கிருஷ்ணனை இதில் குறை சொல்ல முடியுமா என்றால், கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அணுசக்திக் கமிஷனில் அங்கத்தினராகவும் பிரதம மந்திரிக்குத் தெரிந்தவராகவும் இருந்த ஒருவர், சில நூறு பவுனுக்காக இன்னும் ஓங்கிக் கதவைத் தட்டியிருக்கலாம். சுபாவத்தில் அவர் சாது. ராமனைப் போல மேஜையைக் குத்துகிறவர் அல்ல.

தட்டுகள் ஒருவழியாக டில்லி வந்து சேர்ந்தது 1958-ல். அதே ஆண்டு பட்நாகர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் கிருஷ்ணன். பத்மபூஷண் ஏற்கனவே 1954-ல் வந்திருந்தது. பட்டமும் பரிசும் இருந்தன, தட்டுகளும் வந்துவிட்டன, அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் பெரும்பாலும் கடல் கடந்து இருந்தார்கள். 32 தட்டுகளும் வரிசை கூடாமலே கிடந்தன. 1961 ஜூன் 14-ல், டைரக்டராக இருந்த நிலையிலேயே, டில்லியில் கிருஷ்ணன் காலமானார். அப்போது வயது 62.

அதன்பின்

அவர் மறைந்த சில மாதங்களிலேயே ஒரு காரியம் நடந்தது. வெளிநாட்டிலிருந்த ஸ்வரூப், குண்டு, டி. கே. மேனன், டி. கிருஷ்ணன் ஆகிய நால்வரும் சேர்ந்து, தாய்நாட்டில் ரேடியோ வானியல் நிலையம் அமைக்கத் தாங்கள் திரும்பத் தயார் என்று 1961 செப்டம்பரில் இந்திய ஸ்தாபனங்களுக்கு எழுதினார்கள். 1962 தொடக்கத்தில் பாபாவிடமிருந்து சம்மதம் தந்தியில் போயிற்று. 1963-ல் ஸ்வரூப் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். சிட்னித் தட்டுகளும் டில்லியிலிருந்து அங்கே போயின. 1965-ல் கல்யாணில் 32 தட்டுகளும் வரிசையாக நின்று சூரியனைக் கேட்கத் தொடங்கின. ரயிலில் பம்பாய் போகிற நம்மவர்களுக்குப் பெட்டி படுக்கையை எடுத்துவைக்கும் ஸ்டேஷனாகத் தெரியுமே, அதே கல்யாண்தான்.

அடுத்து உதகமண்டலம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்தத் தொலைநோக்கியை முத்தோரை மலைச்சரிவில் கட்டினார்கள். சரிவின் சாய்மானம், அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக 11 டிகிரிக்குச் சற்று மேல். அதனால் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் சுழற்றினால் நட்சத்திரத்தின் கூடவே மணிக்கணக்கில் போகலாம். 1970-ல் அது இயங்கத் தொடங்கியது. பிறகு புனாவுக்கு வடக்கே நாராயண்கான் அருகில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 பெரிய தட்டுகள். இளம் பிரபஞ்சத்து ஹைட்ரஜனைத் தேடுவது அதைக் கட்டியதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

பெட்டிக்கடை ரேடியோவின் இரைச்சலில் கலந்திருப்பதாகச் சொன்ன அலைக்கு இங்கே வந்து சேர்கிறோம். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் பழைய அலைகளும் இழுபட்டு நீள்கின்றன. 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் 21 சென்டிமீட்டராகப் புறப்பட்டது, இன்று மூன்று மீட்டராக வந்து சேருகிறது. மூன்று மீட்டர் என்றால் 100 மெகாஹெர்ட்ஸ். பண்பலை வரிசையின் நட்டநடு.

அந்தக் காலத்தில் பிரபஞ்சம் முழுவதும் ஹைட்ரஜன் பரவி இருட்டாக இருந்தது. முதல் நட்சத்திரங்களும் நட்சத்திர மண்டலங்களும் பிறந்தபோது அவற்றின் புற ஊதாக் கதிர் பட்டுச் சுற்றியிருந்த ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு போயிற்று. இதற்கு அயனியாதல் என்று பெயர். எலெக்ட்ரான் போன பிறகு புரோட்டான் எதோடு சேர்ந்து குட்டிக்கரணம் போடும்? அந்த இடம் மௌனமாகிவிடும். தோசைக்கல்லில் மாவு வேகும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொத்தல் விழுந்து பெருகுவதுபோல, ஒவ்வொரு மண்டலத்தைச் சுற்றியும் மௌனக் குமிழிகள் தோன்றிப் பெருத்து, ஒன்றோடொன்று கலந்து, பிரபஞ்சத்துக்குச் சுமார் 100 கோடி வயதாகும்போது எங்கும் வியாபித்துவிட்டன. ஆகவே எங்கே ஒலி கேட்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று வரைபடம் எழுதினால், முதல் மண்டலங்கள் எங்கே, எப்போது எரிந்தன என்பது தெரியும். கேட்பதைவிடக் கேளாமல் போவதைத்தான் இங்கே தேட வேண்டியிருக்கிறது.

நாராயண்கான் தட்டுகளை 150 மெகாஹெர்ட்ஸ் அருகே இயக்கிக் கனடாவும் இந்தியாவும் சேர்ந்த குழு இந்த முயற்சியில் இறங்கியது. 2011-ல் வெளியான முடிவில் ஒலி அகப்படவில்லை. இருந்தால் இன்ன அளவுக்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பு மட்டும் கிடைத்தது. 2018-ல் அமெரிக்கக் குழு ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியாவில் வைத்த ஆன்டெனாவில் 78 மெகாஹெர்ட்ஸ் அருகே முதல் நட்சத்திரக் காலத்தின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. உலகமே பரபரப்பாயிற்று.

அதைச் சரிபார்த்தது பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம். கிருஷ்ணனின் குருநாதர் 1948-ல் நிறுவிய அதே நிலையம். ராமனுக்குப் பிறகு அங்கே ரேடியோ வானியல் வேரூன்றியது. சாரஸ் என்று பெயரிட்ட அவர்களது ஆன்டெனாவை 2020-ல் ஒரு மிதவையில் ஏற்றி, கர்நாடகத்தில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் பின்நீரிலும் மிதக்கவிட்டார்கள். தரையில் வைத்தால் மண்ணுக்கடியில் உள்ள கல்லும் ஈரமும் இடத்துக்கு இடம் வேறுபட்டு அலையைக் குழப்பும். நீரோ ஒரே சீராக இருக்கும். கிழக்கேகோட்டை போன்ற இடத்தில் இதைச் செய்ய முடியாது. பெட்டிக்கடை ரேடியோவுக்குப் பாட்டு அனுப்பும் நிலையமே அந்த மெல்லிய அலையை மூழ்கடித்துவிடும். அமெரிக்கர்கள் சொன்ன அடையாளம் ஆகாயத்திலிருந்து வந்ததாகத் தெரியவில்லை என்பது சாரஸின் தீர்ப்பு. அது வெளியான நாள் 2022 பிப்ரவரி 28. போபஜார் தெருச் சோதனையின் நினைவாக நாடு தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடும் நாள்.

உண்மையான ஒலியைத் தேடும் வேலை தொடர்கிறது. பல தேசங்கள் சேர்ந்து கட்டும் புதிய தொலைநோக்கியில் பங்கேற்க இந்திய அரசு 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த செய்தி 2024 தொடக்கத்தில் வெளியாயிற்று. இந்தத் தடவையும் ஊர் ஆஸ்திரேலியாதான். அதன் மேற்குப் பகுதியில், ஆள் நடமாட்டம் குறைந்த செம்மண் வெளியில், மொத்தம் 1,31,072 சிறு ஆன்டெனாக்கள் நடுவதாகத் திட்டம். அவை கேட்கப்போவது 50 முதல் 350 மெகாஹெர்ட்ஸ் வரை.